மழை ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம்

ஆனைகட்டி என்ற பெயரில் இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று தமிழ்நாட்டில், கோயம்புத்தூர் மாவட்டத்தில். மற்றொன்று கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தின் சோலையூர் ஊராட்சியில். நடுவே ஓடுவது கொடுங்கரைப் பள்ளம் என்ற சிற்றாறு. கோயம்புத்தூரிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர் வந்தால் இந்த எல்லையை அடையலாம். இரு கரையிலும் தமிழும் மலையாளமும் இருளர் மொழியும் கலந்தே கேட்கும்.

இந்தப் பள்ளம் மாநில எல்லையாகி எழுபது ஆண்டுகள்தான் ஆகின்றன. 1956 நவம்பர் 1 வரை இரு கரைகளும் சென்னை மாநிலத்தில் இருந்தன. கிழக்குக் கரை கோயம்புத்தூர் மாவட்டம், மேற்குக் கரை மலபார் மாவட்டம். மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது மாவட்ட எல்லை மாநில எல்லையாக உயர்ந்தது. தண்ணீரும் காற்றும் யானையும் மக்களின் உறவுமுறைகளும் முன்பு போலவே இரு பக்கமும் போய்வருகின்றன.

மேற்குக் கரையிலிருந்து விரியும் மலைநாட்டுக்கு அட்டப்பாடி என்று பெயர். பரப்பு சுமார் 745 சதுர கிலோமீட்டர். அகழி, புதூர், சோலையூர் என்று மூன்று ஊராட்சிகள், 190க்கும் மேற்பட்ட பழங்குடி ஊர்கள். வடக்கே நீலகிரி, மேற்கே அமைதிப் பள்ளத்தாக்கு, தெற்கே சிறுவாணி மலைகள். கேரளம் என்றாலே கடலோரம் நினைவுக்கு வரும் நமக்கு, கடற்காற்று எட்டாத இந்தக் கேரளம் அதிகம் தெரியாது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் கடலே இல்லாமல் மலைக்குள் அடைபட்டிருக்கும் லெசோத்தோ போன்ற நாடுகளுக்கு உள்ள கேள்விகளெல்லாம் இந்தச் சிறு நிலத்துக்கும் உண்டு. மழை எங்கே பெய்கிறது? மக்கள் எங்கே வாழ்கிறார்கள்? இடையில் ஓடும் நீர் யாருக்குப் போகிறது? இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் ஆனைகட்டியின் நிலமும் மக்கள்தொகையும் புரியும்.

மலை மழையைப் பறிக்கும் விதம்

மன்னார்க்காட்டிலிருந்து ஆனைகட்டி வரை சாலை வழியே சுமார் 60 கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முக்காலியை அடையும்போது கண்ணில் படுவது எப்போதும் பசுமையான, ஈரம் சொட்டும் காடு. ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தொடும் பகுதி அது. அகழி தாண்டி, கோட்டத்தறை வரும்போது மரங்கள் குட்டையாகி, இலை உதிர்க்கும் இனங்களாக மாறிவிடுகின்றன. ஆனைகட்டியில் உசிலையும் வெள்வேலும் சதுரக்கள்ளியும் முட்புதரும்தான். மேற்கில் பெய்வதில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான மழையே இங்கே கிடைக்கிறது. இத்தனை காட்டு வகைகளை இவ்வளவு குறுகிய தொலைவில் பார்ப்பது அரிது. 1990இல் நிறுவப்பட்டு, பறவைகளையும் காட்டுயிர்களையும் ஆராயும் சாலிம் அலி மையம் தமிழ்நாட்டு ஆனைகட்டியில் இயங்குகிறது.

ஒரு மலைத்தொடர் எப்படி இவ்வளவு மாற்றத்தைச் செய்கிறது? ஒரு எளிய கணக்கில் பார்ப்போம். தென்மேற்குப் பருவக்காற்று 27 டிகிரி வெப்பத்தில் கேரளச் சமவெளியை அடைகிறது என்று கொள்வோம். மலையில் மோதி மேலே ஏறும்போது அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஈரம் ஆவியாகவே இருக்கும்வரை 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி என்ற வேகத்தில் குளிரும். 500 மீட்டரில் 22 டிகிரி. அங்கே மேகம் திரளத் தொடங்கினால், ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் காற்றுக்கே திரும்பக் கிடைக்கிறது. அதனால் குளிர்தலின் வேகம் பாதியாகிறது. 2,000 மீட்டர் உச்சியை எட்டும்போது வெப்பம் சுமார் 14.5 டிகிரி. வழியெல்லாம் மழை கொட்டித் தீர்ந்திருக்கும்.

உச்சியைத் தாண்டிய காற்று கிழக்கே இறங்குகிறது. இப்போது அதில் மேகம் இல்லை. எனவே இறங்கும் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் முழுசாக 10 டிகிரி சூடாகிறது. 600 மீட்டர் உயரத்துக்கு வந்து சேரும்போது 28.5 டிகிரி. மேற்குச் சரிவில் இதே 600 மீட்டரில் அது 21.5 டிகிரியாக இருந்தது. ஒரே உயரம், ஒரே காற்று, ஆனால் ஏழு டிகிரி கூடுதல் வெப்பம். சூடான காற்று ஈரத்தை விடுவதில்லை, மண்ணிலும் இலையிலும் இருக்கும் ஈரத்தையும் எடுத்துக்கொள்கிறது. மழை மறைவுப் பகுதி என்று நாம் சொல்வது இதைத்தான். இயற்கையில் கணக்கு இவ்வளவு நேர்த்தியாக இருக்காது, ஆனால் போக்கு இதுவே. ஆனைகட்டி ஏறத்தாழ இந்த உயரத்தில்தான் இருக்கிறது. சோலையூர்ப் பக்கம் நல்லசிங்கா மலைச்சரிவுகளில் காற்றாலைகள் நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான்.

மேற்கு அட்டப்பாடி ஆடி மாதத்தில் நனையும்போது கிழக்கு அட்டப்பாடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் முறை ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. ஒரே வட்டத்துக்குள் இரண்டு பருவநிலைகள், இரண்டு விதைப்புக் காலங்கள்.

கிழக்கே திரும்பும் மூன்று ஆறுகள்

கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே போய் அரபிக் கடலில் கலக்கின்றன. கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்று மட்டும் கிழக்கே திரும்பிக் காவிரியைத் தேடிப் போகின்றன. அவற்றில் பவானி அட்டப்பாடியின் உயிர்நாடி.

பவானி பிறப்பது நீலகிரியின் தென்மேற்கு மூலையில், தமிழ்நாட்டில். அங்கிருந்து கேரளத்துக்குள் இறங்கி, அமைதிப் பள்ளத்தாக்கின் ஓரமாகத் தெற்கே வருகிறது. முக்காலியில் அந்த ஆறு ஏறத்தாழத் திசையையே திருப்பிக்கொள்கிறது. மேற்கே போயிருந்தால் அருகிலேயே ஓடும் குந்திப்புழையைப் போல பாரதப்புழையில் சேர்ந்து அரபிக் கடலை அடைந்திருக்கும். வடகிழக்கே திரும்பியதால் வறண்ட அட்டப்பாடியை நனைத்து, கூடப்பட்டியில் சிறுவாணியைச் சேர்த்துக்கொண்டு, கொடுங்கரைப் பள்ளத்தையும் வாங்கிக்கொண்டு மீண்டும் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பில்லூர், மேட்டுப்பாளையம், பவானிசாகர் கடந்து பவானி நகரில் காவிரியோடு கலக்கும்போது அது சுமார் 217 கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

ஆற்றின் வளைவு இப்படி அமைந்ததற்குப் பாறையும் ஒரு காரணம். நீலகிரிக்குத் தெற்கே பவானிப் பள்ளத்தாக்கை ஒட்டிப் பழமையான நொறுங்கல் மண்டலம் ஒன்று ஓடுகிறது. புவியோட்டுத் துண்டுகள் ஒன்றையொன்று உரசி அழுத்தியதால் பலவீனமான பாறைப் பட்டை அது. நீர் எளிதில் அரித்துச் செல்லக்கூடிய வழி. இந்தியாவும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இருந்த காலத்தின் தடங்களை, தென்னிந்தியாவின் இத்தகைய மண்டலங்களிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் புவியியலாளர்கள் ஒப்பிட்டு ஆராய்ந்து வருகிறார்கள்.

தெற்கே, இடுக்கி மாவட்டத்திலும் இதே மழை மறைவுக் கதை நடக்கிறது. தென்னிந்தியாவிலேயே மிக உயர்ந்த ஆனைமுடி 2,695 மீட்டர். அதன் மழைப் பக்கத்தில் மூணாறு. கிழக்கே இறங்கினால் சந்தன மரங்களும் பெருங்கற்காலக் கல்லறைகளும் உள்ள மறையூர். இன்னும் கீழே, ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவே மழை பெறும் சின்னாறு சரணாலயம். அங்கே ஓடும் பாம்பாறுதான் சின்னாற்றோடு சேர்ந்து அமராவதியாகி உடுமலைப்பேட்டைப் பக்கம் இறங்குகிறது. முதுவர்களும் மலைப் புலையர்களும் அந்த வறண்ட சரிவுகளின் பழைய குடிகள்.

காவிரி நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு 30 டி.எம்.சி. ஒதுக்கியது. கபினிப் படுகைக்கு 21, பவானிக்கு 6, பாம்பாற்றுக்கு 3. ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். எண்கள் தாளில் தெளிவாக இருக்கின்றன. ஆனால் அட்டப்பாடிப் பள்ளத்தாக்குக்குப் பாசனம் தரும் என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பு திட்டமிடப்பட்ட சிறுவாணிப் பாசன அணை இன்னும் வரவில்லை. கீழ்ப்படுகை உழவர்களின் அச்சமும் மேல்படுகை உழவர்களின் தேவையும் ஒரே ஆற்றின் இரு முனைகள்.

கோயம்புத்தூரின் குடிநீர், ஜோகன்னஸ்பர்க்கின் குடிநீர்

கோயம்புத்தூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் சிறுவாணித் தண்ணீர் இந்த மலைகளிலிருந்துதான் வருகிறது. அணை இருப்பது கேரள மண்ணில், தண்ணீர் போவது தமிழ்நாட்டு நகரத்துக்கு. இன்றைய அணைக்கான ஒப்பந்தம் 1973இல் இரு மாநிலங்களுக்கும் இடையே ஏற்பட்டது. கட்டும் செலவு தமிழ்நாட்டினுடையது, கட்டும் பொறுப்பு கேரளத்தினுடையது என்ற ஏற்பாடு.

லெசோத்தோவிலும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான். 30,355 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த நாட்டை நான்கு புறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்திருக்கிறது. நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரம். மழையும் பனியும் கிழக்கு மலைகளில் விழுகின்றன, மக்களில் பெரும்பாலோர் மேற்கே தாழ்நிலத்தில் வாழ்கிறார்கள். 2016 கணக்கெடுப்பில் மொத்தம் சுமார் 20 லட்சம் பேர். மலையில் பிறக்கும் செங்கு ஆறு தென்னாப்பிரிக்காவில் ஆரஞ்சு ஆறு என்ற பெயரோடு ஓடி அட்லாண்டிக் கடலை அடைகிறது. 1986இல் போடப்பட்ட உடன்படிக்கையின்படி அந்த நீரின் ஒரு பகுதியை 185 மீட்டர் உயரமுள்ள காட்சே அணையில் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியே ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்துக்கு அனுப்புகிறார்கள். அதற்கு லெசோத்தோவுக்கு ஆண்டுதோறும் உரிமைத்தொகை கிடைக்கிறது. சிறிய ஏழை நாட்டுக்கு அது பெரிய வருமானம். நீர்த்தேக்கத்துக்காக மேய்ச்சல் நிலத்தையும் வயலையும் இழந்த மலைவாழ் மக்களின் இழப்பீட்டுக் குறைகள் மட்டும் ஓயவில்லை. பணம் தலைநகருக்கு வருவது வேறு, மலைக்கு வருவது வேறு.

இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். மேட்டு நிலம் நீரைச் சேர்த்துத் தருகிறது என்றால், அதைக் காப்பாற்றும் காட்டுக்கும் அங்கே வாழும் மக்களுக்கும் நீரைக் குடிக்கும் நகரம் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனை ஒப்பந்தங்கள் அணையின் கணக்கில் எழுதுகின்றன, ஊரின் கணக்கில் எழுதுவதில்லை.

முப்பது ஆண்டுகளில் ஐந்தரை மடங்கு

இப்போது மக்கள்தொகைக்கு வருவோம். 1951இல் அட்டப்பாடியில் இருந்தவர்கள் சுமார் 11,300 பேர். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடிகள். 1961இல் மொத்தம் 21,000ஐத் தாண்டியது. 1971இல் 39,000. 1981இல் 62,000. முப்பது ஆண்டுகளில் ஐந்தரை மடங்கு. அதே முப்பது ஆண்டுகளில் கேரளம் முழுவதும் இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

இந்த வளர்ச்சி பிறப்பால் வந்ததா, வரவால் வந்ததா? கண்டுபிடிப்பது கடினமல்ல. ஆண்டுக்கு 2 விழுக்காடு வளரும் மக்கள்தொகை ஏறத்தாழ 35 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். பழங்குடிகளின் எண்ணிக்கை 1951இல் 10,000 சொச்சம், 1981இல் 20,000 சொச்சம். கிட்டத்தட்ட அந்த வேகம்தான். மற்றவர்களோ சுமார் 1,100இலிருந்து 41,000க்கு மேல் போனார்கள். எந்தச் சமூகமும் பிறப்பால் மட்டும் முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ நாற்பது மடங்கு பெருகாது. மேற்கேயிருந்து திருவிதாங்கூர்ப் பகுதி உழவர்கள் சுரம் ஏறி வந்தார்கள். கிழக்கேயிருந்து கோவை வட்டார உழவர்கள் வந்தார்கள். உணவுத் தட்டுப்பாட்டிலும் நிலப்பசியிலும் தவித்த காலம் அது. வந்தவர்களும் உழைப்பாளிகள். ஆனால் அவர்கள் குடியேறிய நிலம் காலி நிலம் அல்ல. ஊரார் பொதுவில் வைத்து மாற்றி மாற்றிப் பயிரிட்டு, தரிசு விட்டு ஆறவைத்த நிலம். பட்டா இல்லாததால் அது வெளியார் கண்ணுக்குக் காலியாகத் தெரிந்தது.

பிறகு நடந்ததும் கவனிக்க வேண்டியது. 1981க்குப் பிறகு மொத்த எண்ணிக்கை ஏறத்தாழ நின்றுவிட்டது. 2001இல் 66,000, 2011இல் 64,000. பழங்குடிகள் 2001இல் சுமார் 27,000 ஆகியிருந்தார்கள். அதாவது அவர்கள் வளர, மற்றவர்கள் குறைந்தார்கள். 1980களின் இறுதிக்குள் கேரளத்தில் குழந்தைப்பேறு ஈடுகட்டும் அளவுக்கு, தாய்க்குச் சுமார் இரண்டு பிள்ளைகள் என்ற நிலைக்கு, இறங்கிவிட்டது. குடியேறியவர்களின் அடுத்த தலைமுறை படிப்புக்கும் வேலைக்கும் மலை இறங்கியது.

சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்று பார்த்தால் அட்டப்பாடி 86. கேரளத்தின் 2011 சராசரியான 860இல் பத்தில் ஒரு பங்கு. லெசோத்தோவின் 66க்கு அருகில் வருகிறது. இதைக் கேட்பவர்கள் நிலம் தாராளமாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பரப்பில் பெரும்பகுதி காடு. பாதியைக் கழித்தாலே நெருக்கம் 170ஐத் தாண்டும். அதிலும் மழையும் நீரும் உள்ள ஆற்றோர நிலம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால்தான் உண்மையான நெருக்கம் தெரியும். கைமாறிய பழங்குடி நிலத்தை மீட்டுத் தரக் கேரளம் 1975இல் சட்டம் இயற்றியது. 1999இல் அது பெருமளவு மாற்றி எழுதப்பட்டது. நிலத்துக்கான வழக்குகளும் போராட்டங்களும் இன்றும் தொடர்கின்றன.

மண்ணின் கணக்கு

மழை மறைவுச் சரிவில் காடு வெட்டப்பட்டால் என்ன ஆகும்? பெரிய மழைத்துளி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறது. மரத்தழையும் சருகும் இருந்தால் அந்த அடியை அவை தாங்கிக்கொள்ளும். வெறும் மண் என்றால் துளி நேரடியாக மண்கட்டியை உடைக்கிறது. உடைந்த நுண்துகள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. அடுத்த துளி உள்ளே இறங்க வழியின்றி மேலோட்டமாக ஓடுகிறது, ஓடும்போது மேல்மண்ணையும் கொண்டுபோகிறது. குறைவாகவும் திடீரெனக் கொட்டியும் மழை பெய்யும் கிழக்கு அட்டப்பாடியில் இந்த இழப்பு இருமடங்கு கொடியது. நிலத்துக்குள் இறங்காத நீர் கோடையில் ஓடைக்குத் திரும்பி வராது. லெசோத்தோவின் சரிவுகளில் இப்படி அரிக்கப்பட்ட ஆழமான ஓடைப் பிளவுகளை இன்றும் பார்க்கலாம்.

அட்டப்பாடியில் இதைச் சரிசெய்ய 1990களின் பிற்பாதியில் ஜப்பானின் கடனுதவியோடு பெரிய மீட்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. அட்டப்பாடி மலைப்பகுதி மேம்பாட்டுச் சங்கம் அதை நடத்தியது. தடுப்பணைகள், சரிவில் கல்வரப்புகள், மரநடவு என்று பதினைந்து ஆண்டளவில் வேலை நடந்தது. பல சரிவுகள் மீண்டும் பசுமை கண்டன.

ஆனால் இந்த மண்ணோடு வாழும் அறிவு திட்டங்களுக்கு முன்பே இங்கே இருந்தது. இருளர் ஊரில் மூப்பன் தலைவர், வண்டாரி கருவூலம் பார்ப்பவர், குறுதலை மூப்பனுக்குத் துணை, மண்ணூக்காரன் மண்ணுக்கும் விதைக்கும் பொறுப்பாளர். விதைப்பைத் தொடங்கிவைப்பதும் அறுவடைக்கு முன்னிற்பதும் மண்ணூக்காரன்தான். கொத்துக்காடு என்னும் பயிர்முறையில் ஒரே சரிவில் ராகி, சாமை, தினை, துவரை, அவரை, கீரை எல்லாம் சேர்த்து விதைப்பார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தில் விளையும், ஒவ்வொரு ஆழத்தில் வேர் விடும். மழை முன்னே பின்னே ஆனாலும் ஏதோ ஒன்று தப்பும். நிலம் எந்த மாதத்திலும் முழுக்க வெறுமையாக நிற்காது.

நிலம் சுருங்கியபோது இந்தப் பயிர்முறையும் சுருங்கியது. ராகியும் சாமையும் துவரையும் இருந்த தட்டில் ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சியது. இரும்புச்சத்தும் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் ஒரே நேரத்தில் குறைந்தன. 2013இல் அட்டப்பாடியில் அடுத்தடுத்துப் பச்சிளங்குழந்தைகள் இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. கருவுற்ற தாய்மார்களின் இரத்தசோகையும் ஊட்டக்குறைவும் முதன்மைக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஊர்தோறும் சமுதாயச் சமையலறைகள் அதன்பிறகு வந்தன. சிறுதானியங்களை மீட்கும் அரசுத் திட்டமும் தொடங்கியது. 2022இல் அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தைக்கான முத்திரை என்பதைவிட, இந்த விதைகளை இழக்காமல் வைத்திருந்த ஊர்களுக்கு வந்த தாமதமான மரியாதை என்றே அதைக் கொள்ள வேண்டும்.

ஒரே மக்கள், இரண்டு பட்டியல்கள்

எல்லைக்கோடு மக்கள்தொகைக் கணக்கில் செய்யும் வேலையை இருளர்களிடம் பார்க்கலாம். தமிழ்நாட்டில் இருளர்கள் சுமார் 1.9 லட்சம் பேர். நீலகிரியிலிருந்து வடமாவட்டங்கள் வரை பரவியிருக்கிறார்கள். மத்திய அரசின் மிக நலிந்த பழங்குடிக் குழுக்கள் பட்டியலில் தமிழ்நாட்டு இருளர்கள் உண்டு. கேரளத்தில் அவர்கள் பழங்குடிகள், ஆனால் அந்தத் தனிப்பட்டியலில் இல்லை. அங்கே அட்டப்பாடியின் குறும்பர்களுக்குத்தான் அந்த இடம். கொடுங்கரைப் பள்ளத்தின் கிழக்குக் கரையில் பிறந்த பெண் மேற்குக் கரைக்கு வாழ்க்கைப்படுவது இங்கே வழக்கமான செய்தி. அவருடைய மொழியும் குலமும் மாறுவதில்லை, அரசு எழுதும் பட்டியல் மாறுகிறது. வீட்டுத் திட்டம், உதவித்தொகை, காட்டுரிமை எல்லாம் எந்தக் கரை என்பதைப் பொறுத்தே வருகின்றன.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. பதினாறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அட்டப்பாடிக்குப் புதிய எண்கள் கிடைக்கும். அவற்றைப் பாலக்காடு மாவட்டத்தின் ஒரு மூலை என்று தனியாகவும், கோவை மாவட்டத்தின் ஒரு மூலை என்று தனியாகவும் படித்தால் பழைய தவறு தொடரும். முக்காலி முதல் பில்லூர் வரை பவானிப் படுகை ஒன்று. மறையூர் முதல் அமராவதி அணை வரை பாம்பாற்றுப் படுகை ஒன்று. இரண்டு மாநிலத்து எண்களையும் படுகைவாரியாகச் சேர்த்து, மழைப்பதிவுகளையும் நிலவுடைமையையும் தாய்சேய் நலத்தையும் அதே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதைச் செய்ய ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இரு பக்கமும் இருக்கின்றன. முடிவெடுக்கும் இடத்தில் ஊர் மூப்பன்மாரும் மண்ணூக்காரர்களும் உட்கார வேண்டும். மேற்குச் சரிவில் பெய்யும் மழை கிழக்குச் சமவெளியில் லட்சக்கணக்கானவர்களின் தாகம் தீர்க்கிறது. நடுவில் வாழும் அறுபத்து நாலாயிரம் பேருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று ஒப்பந்தங்களில் எழுதுவதே அடுத்த வேலை.